லூசி பிரோன்ஸ்: ஒரு ரைட் பேக்கின் கால்பந்து வாழ்க்கை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்து மகளிர் அணியின் ரைட் பேக் லூசி பிரோன்ஸ் பற்றியும், அவர் ஆடும் இடத்தின் வேலை பற்றியும் வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். முன்வரிசை ஆட்டக்காரருக்கு கோல் கணக்கு இருக்கிறது, கோல்கீப்பருக்குத் தடுத்த கணக்கு இருக்கிறது. தடுப்பு வரிசையில் நிற்பவருக்கு அப்படி ஒற்றை எண் கிடையாது. அதனால் அவர் களத்தில் என்ன செய்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

லூசி பிரோன்ஸ் யார்?

1991 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய பெரிக்-அப்பான்-ட்வீட் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா போர்ச்சுக்கல்காரர், அம்மா ஆங்கிலேயர். 2009-இல் 19 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியில் இருந்தார். 2013 ஜூனில் ஜப்பானுக்கு எதிராக சீனியர் அணியில் முதல் ஆட்டம். அதன்பின் 130-க்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்கள் ஆடிவிட்டார். 2022, 2025 என இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள், ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கில் ஐந்து பட்டங்கள், மூன்று நாடுகளில் லீக் பட்டங்கள் என்று பட்டியல் நீள்கிறது. உலகக் கோப்பை மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. 2015-இல் மூன்றாம் இடம், 2019-இல் நான்காம் இடம், 2023-இல் இறுதிப் போட்டியில் தோல்வி.

ரைட் பேக் என்றால் என்ன வேலை?

நான்கு பேர் கொண்ட தடுப்பு வரிசையில் வலது ஓரத்தில் நிற்பவர் ரைட் பேக். அவர் மீது வருபவர் பெரும்பாலும் எதிரணியின் இடது விங்கர், அதாவது இடது ஓரமாகத் தாக்கும் ஆட்டக்காரர். மகளிர் ஆட்டத்திலும் மைதான அளவு, பந்தின் அளவு, 90 நிமிட நேரம் எல்லாம் ஆண்கள் ஆட்டத்தைப் போலத்தான். சர்வதேச மைதானத்தின் அகலம் பொதுவாக 68 மீட்டர். நான்கு பேர் சம இடைவெளி விட்டு நின்று அதை அடைக்க முடியாது. ஆகவே பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நால்வரும் சேர்ந்து நகர்கிறார்கள்.

இதனால் ரைட் பேக்குக்கு இரண்டு வேறு வேலைகள். பந்து தன் பக்கம் இருந்தால் வெளியே போய் விங்கரை எதிர்கொள்ள வேண்டும். பந்து மறுபக்கம் இருந்தால் உள்ளே ஒடுங்கி, கிட்டத்தட்ட தூரக் கம்பத்துக்கு (பந்திலிருந்து தள்ளியுள்ள கோல் கம்பத்துக்கு) நேராக நிற்க வேண்டும். இளம் ஆட்டக்காரர்கள் அதிகம் கோட்டை விடுவது இந்த இரண்டாவது வேலையில்தான். பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதுகுக்குப் பின்னால் விங்கர் நழுவி உள்ளே வந்துவிடுவார், கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னே போடும் பந்து) வரும்போது அவர் தனியாக நிற்பார். பந்தும் ஆளும் ஒரே பார்வையில் படும்படி உடலைச் சற்றுச் சாய்வாகத் திருப்பி நிற்பதுதான் இதற்கு வழி. பந்து காற்றில் இருக்கும்போதே ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பந்து உதைபடும் கணத்தில் தடுப்பு வரிசையைத் தாண்டி நிற்கும் எதிராளி ஆஃப்சைடு, அவர் அந்தப் பந்தை ஆட முடியாது. அந்தக் கோட்டைக் காப்பதும் கூட்டு வேலை. எதிரணி பின்னோக்கிப் பந்தைக் கொடுத்த கணத்தில் நால்வரும் முன்னே ஏற வேண்டும். மூன்று பேர் ஏறி ஒருவர் ஓரடி பின்தங்கினாலும் எதிரணியின் முன்வரிசை முழுவதும் ஆஃப்சைடு ஆகாமல் தப்பிவிடும். ஓரத்தில் நிற்பவருக்கு, நடுவில் நிற்கும் சென்டர் பேக்குகள் ஏறியது கண்ணில் படாமல் போகலாம் என்பதால், இந்தத் தப்பு ரைட் பேக்கிடமும் லெஃப்ட் பேக்கிடமும் அதிகம்.

தடுப்பது மட்டும்தான் வேலையா? அவர் அடிக்கடி எதிரணியின் கோல் பக்கம் ஓடுகிறாரே?

இன்றைய ரைட் பேக்கின் பாதி மதிப்பு அந்த ஓட்டத்தில் இருக்கிறது. தன் அணி விங்கர் பந்தோடு உள்ளே திரும்பும்போது, அவருக்கு வெளியே ஓரக்கோட்டை ஒட்டி ஓடுவது ஓவர்லேப். விங்கர் ஓரத்திலேயே நின்றால் அவருக்கு உட்புறமாக ஓடுவது அண்டர்லேப். பிரோன்ஸ் இரண்டையும் செய்வார்.

நேரம் பார்த்துக் கிளம்புவதுதான் கடினம். விங்கர் பந்தை அடக்கித் தலை நிமிர்ந்த பிறகு கிளம்ப வேண்டும். அதற்கு முன்பே ஓடினால் பந்து கிடைக்காது, ஆஃப்சைடாகவும் வாய்ப்பு உண்டு. தாமதமானால் எதிராளி இடத்தை அடைத்துவிடுவார். கிளம்பும் முன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். குறைந்தது இரண்டு சென்டர் பேக்குகளும் அவர்களுக்கு முன் ஒரு தடுப்பு மிட்ஃபீல்டரும் இல்லாமல் ரைட் பேக் மேலே போனால், பந்து பறிபோன மறு நொடியில் அந்த வலப்பக்கம் முழுதும் திறந்து கிடக்கும். இங்கிலாந்து அணியில் கீரா வால்ஷ் போன்ற மிட்ஃபீல்டர் இருந்த காலங்களில் பிரோன்ஸ் துணிந்து ஓட முடிந்ததற்குக் காரணம் இதுவே.

டிஃபெண்டர் ஒருவர் பெரிய ஆட்டங்களில் இத்தனை கோல் அடிப்பது எப்படி?

அவருடைய கோல்களை வரிசையாகப் பார்த்தால் இரண்டு வகைதான் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதல் வகை தலையால் அடித்தவை. 2015 உலகக் கோப்பைக் காலிறுதியில் கனடாவுக்கு எதிராக, மான்செஸ்டர் சிட்டிக்காக 2016 லீக் கோப்பை இறுதியில் கூடுதல் நேரத்திலும் 2017 எஃப்.ஏ. கோப்பை இறுதியிலும், 2022 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் ஸ்வீடனுக்கு எதிராக, 2025 ஏப்ரல் 30 அன்று அவர் ஆடிய செல்சி கிளப்புக்கு லீக் பட்டத்தை உறுதிசெய்த, மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான ஆட்டத்தில், அதே ஆண்டு ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் மறுபடி ஸ்வீடனுக்கு எதிராக.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இடப்பக்கத்திலிருந்து கிராஸ் வரும்போது தூரக் கம்பத்துக்கு ஓடிவரும் ரைட் பேக்கைக் கவனிக்க வேண்டியவர் எதிரணியின் இடது விங்கர். விங்கருக்குத் தடுப்பது பழக்கமில்லாத வேலை. பாதி வழியில் விட்டுவிடுவார். உயரமாகக் குதிக்கக்கூடிய ரைட் பேக் அங்கே ஓடிவந்தால், தன்னைவிடக் குள்ளமான லெஃப்ட் பேக்கோடு மட்டும் மோதினால் போதும். 2025 காலிறுதியில் மாற்று ஆட்டக்காரராக வந்த குளோயி கெல்லி இடப்பக்கத்திலிருந்து போட்ட கிராஸில் 79-ஆம் நிமிடத்தில் பிரோன்ஸ் அடித்த கோல் இதற்குச் சரியான உதாரணம்.

இரண்டாம் வகை, பெனால்டி எல்லைக்கு வெளியிலிருந்து ஓங்கி அடித்தவை. 2015-இல் நார்வேக்கு எதிராக வெற்றி கோல், 2019-இல் காலிறுதியில் அதே நார்வேக்கு எதிராக. 2019 கோல் ஒத்திகை பார்த்து வைத்தது. பெத் மீட் ஃப்ரீ கிக்கை கோல் பக்கம் போடாமல் பின்னால் நின்ற பிரோன்ஸுக்குத் தள்ளினார். எல்லாரும் உள்ளே கூடியிருக்க, வெளியே அவருக்கு முழு இடம் கிடைத்தது.

கால்பந்து எங்கே தொடங்கினார்?

நார்தம்பர்லாந்து மாவட்டத்தில், ஆனிக் ஊரின் பையன்கள் அணியில். அன்றைய ஆங்கிலக் கால்பந்து சங்க விதிப்படி ஒரு வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் பையன்களோடு ஆடக்கூடாது. 12 வயதோடு அந்த அணியை விட வேண்டி வந்தது. பக்கத்தில் பெண்கள் அணி கிடையாது, வெளியூர் போய் ஆட வேண்டியிருந்தது. பிறகு சண்டர்லாந்து இளையோர் பிரிவு, அங்கிருந்து சீனியர் அணி. அந்த வயது வரம்பு பின்னாளில் படிப்படியாக உயர்த்தப்பட்டது. நன்றாக ஆடும் ஒரு பெண் பிள்ளையை வயதைக் காட்டி வெளியே அனுப்பும் விதி எத்தனை பேரை ஆட்டத்தையே விட வைத்திருக்கும் என்று நினைத்தால் வேதனைதான் மிஞ்சும்.

அமெரிக்காவுக்கு ஏன் போனார்?

2009-இல் இங்கிலாந்தில் பெண்களுக்கு முழுநேரத் தொழில்முறை லீக் கிடையாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகையோடு தினசரிப் பயிற்சி, நல்ல மைதானம், கடுமையான போட்டி எல்லாம் இருந்தன. நார்த் கரோலினா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஆன்சன் டோரன்ஸ் நடத்திய கோடை முகாமுக்குச் சிறு வயதிலேயே போயிருந்ததால் அங்கே அவரை ஏற்கெனவே தெரியும். முதல் ஆண்டிலேயே, 2009 டிசம்பரில், ஸ்டான்ஃபோர்டை 1-0 என வென்று அந்த அணி தேசியப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றது. ஒரே ஆண்டில் நாடு திரும்பிவிட்டார். 2011-இல் இங்கிலாந்தில் மகளிர் சூப்பர் லீக் தொடங்கியது. எவர்ட்டன் அணியில் ஆடிக்கொண்டே லீட்ஸ் நகரில் படித்தார்.

அப்போது சம்பளம் கிடைத்ததா?

பிழைப்புக்குப் போதுமான அளவு இல்லை. படிக்கும்போது பீட்சா கடையில் வேலை பார்த்தார். அந்தத் தலைமுறை ஆங்கில ஆட்டக்காரர்கள் பலருக்கும் இதே கதைதான்: பகலில் படிப்போ வேலையோ, மாலையில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். தூங்கவும் உடம்பு தேறவும் நேரம் இல்லாததுதான் இதில் பெரிய இழப்பு. லிவர்பூல் முழுநேர அணியாக மாறிய காலத்தில், 2012 இறுதியில், அங்கே சேர்ந்தார். அவருடைய ஆட்டம் சட்டென்று உயர்ந்ததும் அங்கேதான். மகளிர் சூப்பர் லீக் முழுக்க முழுநேரத் தொழில்முறை லீக் ஆனது 2018-19 பருவத்தில்.

எந்தெந்த கிளப்புகளில், எப்போது ஆடினார்?

எவர்ட்டன் 2010 முதல் 2012 வரை. லிவர்பூல் 2014 வரை, 2013, 2014 லீக் பட்டங்கள். மான்செஸ்டர் சிட்டி 2014 முதல் 2017 வரை, 2016 லீக், 2017 எஃப்.ஏ. கோப்பை. பிரெஞ்சு கிளப் லியோன் 2017 முதல் 2020 வரை, மூன்று லீக், மூன்று சாம்பியன்ஸ் லீக். மறுபடி மான்செஸ்டர் சிட்டி 2020 முதல் 2022 வரை. பார்சிலோனா 2022 முதல் 2024 வரை, இரண்டு லீக், இரண்டு சாம்பியன்ஸ் லீக். 2024 கோடையில் செல்சி. அங்கே முதல் பருவத்திலேயே 22 லீக் ஆட்டங்களிலும் தோற்காமல் லீக் பட்டமும், கூடவே இரண்டு உள்நாட்டுக் கோப்பைகளும்.

ஏன் இவ்வளவு அடிக்கடி கிளப் மாறினார்?

இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம், அது முடிந்ததும் அடுத்த இடம் என்பதுதான் அவர் பாணி. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை எடுக்கும் கிளப் பழைய கிளப்புக்கு எதுவும் கட்ட வேண்டாம். மிச்சமாகும் பணம் ஆட்டக்காரரின் சம்பளத்தில் வந்து சேர வாய்ப்பு இருக்கிறது. நீண்ட ஒப்பந்தம் போட்டால் காயம்பட்டாலும் வருமானம் நிற்காது என்ற பாதுகாப்பு உண்டு, ஆனால் விலகும் உரிமை கையில் இருக்காது. முழங்கால் தொல்லை உள்ள ஒருவர் குறுகிய ஒப்பந்தங்களையே தேர்ந்தெடுத்தது துணிச்சலான முடிவு.

அவர் போன இடங்களைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். பெரும்பாலும் தனக்கு இடம் உறுதியான அணியை விட்டு, இடத்துக்குப் போட்டி அதிகமுள்ள அணிக்குப் போயிருக்கிறார். அவர் வாழ்க்கையின் மையம் இதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

டிஃபெண்டர்களுக்குச் சந்தையில் மதிப்பு குறைவு என்ற பழைய எண்ணமும் மாறிவிட்டது. மகளிர் கால்பந்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் மாற்றம் ஒரு சென்டர் பேக்குடையது: 2025 ஜனவரியில் சான் டியாகோ வேவ் அணியிலிருந்து செல்சிக்கு வந்த நவோமி கிர்மா.

லியோன் காலம் ஏன் முக்கியம்?

2016 முதல் 2020 வரை தொடர்ந்து ஐந்து முறை சாம்பியன்ஸ் லீக் வென்ற அணி அது. கடைசி மூன்றில் பிரோன்ஸ் இருந்தார். வெண்டி ரெனார் தடுப்பு வரிசையின் நடுவில், அமாண்டின் ஹென்றி, ஜெனிஃபர் மரோஜான் மிட்ஃபீல்டில், அடா ஹெகர்பெர்க் முன்னால். வாரநாள் பயிற்சியே பல லீக் ஆட்டங்களைவிடக் கடினமாக இருக்கும் இடம். 2018 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் தன் பழைய அணியான மான்செஸ்டர் சிட்டியை வீழ்த்திய ஒரே கோலைக் காற்றிலேயே அடித்தவர் அவர்தான்.

விங்கரை நேருக்கு நேர் தடுப்பது எப்படி?

பந்து விங்கரை நோக்கி உருண்டுகொண்டிருக்கும்போதே வேகமாக நெருங்க வேண்டும். அவர் பந்தை அடக்கிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விட்டது. கடைசி மூன்று நான்கு மீட்டரில் அடிகளைக் குறுக்கி வேகத்தைக் குறைக்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இடைவெளியில் நிற்க வேண்டும். கையை நீட்டினால் தொட முடியாத தூரம், ஆனால் அவர் தலை நிமிர்ந்து நிதானமாகப் பாஸ் கொடுக்க முடியாத தூரம்.

உடல் பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். ஒரு கால் முன்னே, முழங்கால்கள் மடங்கி, எடை பாதத்தின் முன்பகுதியில். நேராக மார்பைக் காட்டி நின்றால் பந்து இரு கால்களுக்கு நடுவே போகும், திரும்பவும் ஒரு நொடி கூடுதலாகும். கண் பந்தின் மேல் இருக்க வேண்டும். தோள், இடுப்பு அசைவுகளைப் பார்த்தால் ஏமாறுவோம். பெரும்பாலும் ஓரக்கோட்டுப் பக்கம் வழிவிட்டு, உட்புறத்தை அடைக்க வேண்டும். வலது காலால் அடிக்கும் விங்கர் இடப்பக்கம் ஆடினால் அவர் உள்ளே வந்து அடிக்கவே பார்ப்பார் என்பதால் இது இன்னும் கட்டாயம்.

பிறகு காத்திருக்க வேண்டும். விங்கர் பந்தைக் காலிலிருந்து சற்றுத் தள்ளித் தட்டும் கணம்தான் டேக்கிள் செய்ய, அதாவது காலால் பந்தைப் பறிக்க, வேண்டிய கணம். தரையில் சறுக்கி விழுவது கடைசி வழி. சறுக்கியவர் எழுவதற்குள் எதிரணிக்கு ஓர் ஆள் கூடுதல், பெனால்டி எல்லைக்குள் என்றால் ஆபத்து இரட்டிப்பு. பிரோன்ஸ் காலூன்றி நின்றபடி, விங்கருக்கும் பந்துக்கும் இடையில் இடுப்பை நுழைத்துப் பந்தைப் பறிப்பதில் கெட்டிக்காரர்.

2023 உலகக் கோப்பை இறுதியில் அவர் செய்த தவறு என்ன?

சிட்னியில் 2023 ஆகஸ்ட் 20 அன்று ஸ்பெயினோடு நடந்த ஆட்டம். இங்கிலாந்து அப்போது மூன்று சென்டர் பேக்குகளோடு ஆடியது. பிரோன்ஸ் வலது விங் பேக், அதாவது வலது ஓரம் முழுவதையும் ஒருவராகவே பார்த்துக்கொள்பவர். வலப்பக்கத்தில் பந்தைப் பெற்றவர் ஓரமாகப் போகாமல் மைதானத்தின் நடுவை நோக்கிப் பந்தோடு ஓடினார். நடுவட்டத்தில் ஸ்பெயின் ஆட்டக்காரர்கள் சூழ, பந்து பறிபோனது. தெரேசா அபெய்ரா அதை உடனே இடப்பக்கம் மரியோனா கல்தென்தேவுக்கு மாற்றினார். பிரோன்ஸ் நின்றிருக்க வேண்டிய இடம் அது. கல்தென்தே வெளியே ஓடிவந்த லெஃப்ட் பேக் ஓல்கா கார்மோனாவுக்குக் கொடுக்க, அவர் இடது காலால் தாழ்வாகத் தூரக் கம்பத்தை ஒட்டி அடித்தார். 29-ஆம் நிமிடம், ஆட்டத்தின் ஒரே கோல்.

பந்தைக் கையாண்டதைவிட, ஓடிய திசைதான் தவறு. ஓரத்தில் பந்தை இழந்தால் எதிராளிக்கு ஒரு பக்கம் கோடு தடையாக இருக்கும், போகும் வழிகள் குறைவு. நடுவில் இழந்தால் எல்லாத் திசையும் திறந்திருக்கும். அதிலும் விங் பேக் நடுவில் மாட்டிக்கொண்டால், அவர் பக்கத்தில் அணிக்கு வேறு ஆளே இல்லை.

ஆனால் இந்த ஒரு காட்சியை வைத்து அவரை எடைபோடுவது நியாயமில்லை. ஆட்டம் தேங்கும்போது பந்தோடு முன்னேறி எதிரணியைக் கலைப்பது அவர் பதினைந்து ஆண்டுகளாக அணிகளுக்குத் தந்த பலம். அதே குணம் அன்று தவறான இடத்தில் வெளிப்பட்டது. அந்த ஓட்டத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டால் முன்பு சொன்ன கோல்களில் பாதியும் இருந்திருக்காது.

அவருக்கு முழங்காலில் என்ன பிரச்சினை?

தொடக்க காலத்திலிருந்தே முழங்காலில் பலமுறை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. 2021 டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகும் ஒரு அறுவை, அதனால் அடுத்த பருவத்தின் முதல் பகுதி போயிற்று.

பொதுவாகவே பெண் ஆட்டக்காரர்களுக்கு முழங்காலின் முன்புற குறுக்குத் தசைநார், அதாவது ஏ.சி.எல்., கிழியும் அபாயம் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். 2023 உலகக் கோப்பையை லியா வில்லியம்சன், பெத் மீட், விவியான் மீடெமா மூவரும் இதனால்தான் இழந்தார்கள். பெரும்பாலான கிழிசல்கள் யாரும் மோதாமலே நடக்கின்றன. பாதம் தரையில் பதிந்து, முழங்கால் கிட்டத்தட்ட நேராக இருந்து, உடல் ஒரு பக்கம் சாய, முழங்கால் உள்பக்கமாக மடங்கும்போது தசைநார் அறுகிறது. டிஃபெண்டர் வேகமாக நெருங்கி, விங்கரின் பாசாங்கு அசைவுக்கு ஏமாந்து சட்டென்று திசை மாற்றும் கணம் மிக ஆபத்தானது. மேலே சொன்ன "கடைசி சில மீட்டரில் அடிகளைக் குறுக்கு" என்ற விதி பந்தைப் பறிப்பதற்கு மட்டுமல்ல, முழங்காலைக் காப்பதற்கும்தான்.

அதைத் தடுக்க என்ன பயிற்சி?

ஃபிஃபா 11 பிளஸ் என்ற உடல் சூடேற்றும் திட்டம் உலகெங்கும் பயன்படுகிறது. கருவி எதுவும் வேண்டாம், சில கூம்புகள் போதும். மொத்தம் 15 பயிற்சிகள், 20 நிமிடம், வாரம் இரண்டு முறையாவது.

முதல் 8 நிமிடம் மெதுவான ஓட்டம்: நேராக, இடுப்பை வெளியே சுழற்றி, உள்ளே சுழற்றி, கூட்டாளியைச் சுற்றி, தோளோடு தோள் இடித்துக் குதித்து, முன்னும் பின்னும் விரைந்து. அடுத்த 10 நிமிடம் பலம், சமநிலை, குதித்தல்: முழங்கையூன்றிய பிளாங்க், பக்கவாட்டு பிளாங்க், தொடையின் பின்தசைக்கு நோர்டிக், ஒற்றைக் காலில் நிற்பது, ஸ்குவாட், குதித்து இறங்குவது. கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம், திசை மாற்றம்.

நோர்டிக் என்பது மண்டியிட்டு, கூட்டாளி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்தபடி மெதுவாக முன்னே சாய்வது. புதிதாகத் தொடங்குவோர் 3 முதல் 5 முறை போதும். முதல் நாளே 15 முறை செய்தால் இரண்டு நாள் நடக்கவே சிரமப்பட வேண்டியிருக்கும், அதோடு பலர் விட்டுவிடுகிறார்கள்.

குதித்து இறங்கும்போது பயிற்சியாளர் முன்னால் நின்று பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: முழங்கால் கால்விரல்களுக்கு நேராக இருக்கிறதா, உள்ளே சாய்கிறதா. சாய்ந்தால் உயரத்தைக் குறைத்துத் திருத்த வேண்டும். இந்தத் திட்டம் பலன் தராமல் போவதற்கு முக்கியக் காரணம், பருவத் தொடக்கத்தில் நான்கு வாரம் செய்துவிட்டு நிறுத்துவது.

ஏ.சி.எல். கிழிந்து அறுவை நடந்தால் குறைந்தது 9 மாதம், பலருக்கு ஓராண்டு. வலி போய்விட்டது என்பதற்காக முன்னதாகத் திரும்பினால் மறுபடி கிழியும் அபாயம் கூடுகிறது. இரண்டு கால்களின் பலமும் கிட்டத்தட்ட சமமாகும்வரை ஆட்டத்துக்கு விடக்கூடாது.

2025-இல் உடைந்த காலோடு ஆடினார் என்பது உண்மையா?

உண்மை. 2025 ஐரோப்பியக் கோப்பை முழுவதும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட டிபியா எலும்பில் முறிவோடு ஆடினார். இறுதிப் போட்டி முடிந்த பிறகுதான் அதை வெளியே சொன்னார். ஆறு ஆட்டங்களிலும் களமிறங்கினார். ஸ்பெயினோடு நடந்த இறுதியில் கூடுதல் நேரத்தின் நடுவில்தான் வெளியேறினார்.

இது வியக்கத்தக்க மனவுறுதி. பின்பற்ற வேண்டிய வழி மட்டும் அல்ல. அவரைச் சுற்றி தினமும் பரிசோதிக்கும் மருத்துவக் குழு இருந்தது, முடிவெடுத்தவர் 33 வயது நிறைந்த அனுபவசாலி. பள்ளி, கல்லூரி ஆட்டக்காரருக்கு டிபியாவில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலி, ஓடும்போது கூடுவது, இரவில் படுத்தாலும் தொடர்வது என்று இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொடக்க நிலை முறிவு சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படும். மாதவிடாய் பல மாதம் வராமலிருப்பது, பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடாதது இரண்டும் எலும்பைப் பலவீனமாக்கும். இதைப் பயிற்சியாளரிடம் சொல்லப் பெண்கள் கூச்சப்படத் தேவையில்லாத சூழலை அணிதான் உருவாக்க வேண்டும்.

ஸ்வீடனோடு நடந்த அந்தப் பெனால்டி ஷூட்அவுட்டில் என்ன நடந்தது?

2025 ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதி, சூரிச், ஜூலை 17. 0-2 எனப் பின்தங்கியிருந்த இங்கிலாந்து, பிரோன்ஸின் கோலாலும் அடுத்த இரண்டே நிமிடத்தில் மிஷெல் அஜெமாங் அடித்த கோலாலும் சமன் செய்தது. ஷூட்அவுட்டில் மொத்தம் 14 உதைகள், அதில் 9 வீண். இங்கிலாந்தின் ஏழாவது உதைக்கு பிரோன்ஸ் வந்தார். ஓரம் பார்க்காமல் முழு பலத்தோடு அடித்தார், பந்து உள்ளே போயிற்று. ஸ்வீடனின் அடுத்த உதை வெளியே போக, 3-2. களைத்த கால்களோடு கம்பத்தை ஒட்டிக் குறிபார்ப்பது கடினம். கோல்கீப்பர் முன்கூட்டியே பாய்கிறவர் என்றால் வேகத்தை நம்புவது புத்திசாலித்தனம்.

தனிப்பட்ட விருதுகள்?

2019-இல் ஐரோப்பியக் கால்பந்து சங்கமான யூஇஎஃப்ஏவின் ஆண்டின் சிறந்த வீராங்கனை. அதைப் பெற்ற முதல் டிஃபெண்டர், முதல் ஆங்கிலேயர். அதே ஆண்டு உலகக் கோப்பையின் இரண்டாவது சிறந்த ஆட்டக்காரருக்கான வெள்ளிப் பந்து, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் வாக்கெடுப்பில் மேகன் ரபினோவுக்கு அடுத்த இரண்டாம் இடம். 2020-இல் ஃபிஃபாவின் உலகச் சிறந்த வீராங்கனை.

ஆட்டிசம் பற்றி அவர் பேசியிருக்கிறாரா?

ஆம். 2021-இல் தனக்கு ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி. எனும் கவனக் குறைபாடும் இருப்பது கண்டறியப்பட்டதாக 2025-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

குழந்தை பெற்றுக்கொண்டால் ஆட்டக்காரரின் ஒப்பந்தம் என்ன ஆகும்?

பிரோன்ஸைப் பற்றியதல்ல என்றாலும் அடிக்கடி வரும் கேள்வி. 2021 தொடக்கம் முதல் ஃபிஃபா விதிப்படி குறைந்தது 14 வாரச் சம்பளத்துடன் கூடிய பிரசவ விடுப்பு, அதில் குறைந்தது 8 வாரம் பிரசவத்துக்குப் பின். சம்பளம் ஒப்பந்தத் தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக்கூடாது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. நாட்டுச் சட்டம் இதைவிட அதிகம் தந்தால் அதுவே பொருந்தும்.

தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும்போது ரைட் பேக்கை எப்படிக் கவனிப்பது?

கேமரா பந்தோடு போகும், அதனால் அவர் பாதி நேரம் திரையில் இருக்க மாட்டார். கோல் கிக், த்ரோ, ஃப்ரீ கிக் போன்ற நிறுத்தங்களில் திரை விரியும்போது அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். எதிரணியின் இடது விங்கருக்கு முதல் பத்து நிமிடத்தில் எத்தனை முறை பந்து கிடைத்தது, திரும்பி முன்னே ஓட முடிந்ததா அல்லது பின்னோக்கியே கொடுத்தாரா என்று கவனியுங்கள். பின்னோக்கியே கொடுத்துக்கொண்டிருந்தால், ரைட் பேக் ஒரு டேக்கிள்கூடச் செய்யாமல் தன் வேலையை முடித்துவிட்டார் என்று பொருள். பந்து இடப்பக்கம் போய் கிராஸ் வரப்போகும் நேரத்தில் மட்டும் பந்தை விட்டுவிட்டுத் தூரக் கம்பத்தைப் பாருங்கள். பிரோன்ஸ் அங்கே ஓடிவருவது பெரும்பாலும் பந்து உதைபடும் முன்பே தெரியும்.